பாலாற்றில் பனிக்கோபுரம்

காஞ்சிபுரத்தில் எந்தக் காலத்திலும் பனிமலை இருந்ததில்லை. அதனால்தான் பனிநீர் ஆதார வாரியம் இங்கே வந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு வாரியத்தின் கஷ்டம் தெரியாது. வடக்கே, மழை எட்டிப் பார்க்காத உயரமான மலைநாடு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் விழுகிற பனி வெயிலில் உருகி ஓடையாக இறங்கினால்தான் அங்கே சனங்களுக்குப் பயிரும் குடிதண்ணீரும். அந்தப் பனியைப் பாதுகாக்கத்தான் வாரியம் ஏற்பட்டது. ஏற்பட்ட நாளிலிருந்து பனி குறைந்துகொண்டே வந்தது. குறைந்தது, மேலும் குறைந்தது, ஓடை நின்றது என்று ஒரு அதிகாரி எத்தனை வருடம்தான் மேலிடத்துக்கு எழுதுவார்? அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. கடைசியில் ஒரு மூளைக்காரர் வழி கண்டுபிடித்தார். பனி குறையக் கூடாது என்றால் பனியே இல்லாத ஊருக்குப் போய்விட வேண்டும். போன வருடமும் இல்லை, இந்த வருடமும் இல்லை, ஆகவே குறைவில்லை. பக்கத்தில் காய்ந்த ஆறு ஒன்றும் இருந்துவிட்டால் அறிக்கைக்குப் படம் எடுக்க வசதி. எங்களிடம் பாலாறு இருந்தது.

ஊருக்குள் மூடிக் கிடந்த ஒரு பட்டுக்கடையை வாரியம் வாடகைக்கு எடுத்தது. சேலை அடுக்கிய அலமாரிகளில் கோப்புகள் ஏறின. கண்ணாடிக்குப் பின்னால் முகூர்த்தப் புடவையோடு நின்ற பொம்மைக்கு வாரியத்தின் கம்பளிக் கோட்டு மாட்டினார்கள். வாரியத்தில் எல்லோருக்கும் அந்தக் கோட்டுதான் சீருடை. சம்பளத்தோடு குளிர்ப்படியும் உண்டு. ஆனால் வேலை செய்கிற இடம் குளிராக இருந்தால்தான் அந்தப் படி கிடைக்கும் என்பது விதி. விதியை மீறக் கூடாதென்று இரவும் பகலும் ஆறு ஏசி ஓடியது.

சிட்டிபாபு அங்கே போனது வேறு வழியில்லாமல்தான்.

அவன் சாயப்பட்டறையில் வேலை செய்தவன். கொதிக்கிற சாயத்தில் பட்டு நூலை முக்கி எடுத்து, அலசி, முறுக்கிப் பிழிகிற வேலை. அலசத் தண்ணீர் இல்லாமல் பட்டறை மூடிவிட்டது. அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் ஏஞ்சலை வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். சீமந்தத்துக்குப் போன இடத்தில் சம்பந்தி அங்கம்மாள் பந்தி நடுவிலேயே கேட்டுவிட்டாள்.

“பச்ச ஒடம்புக்காரிக்கு வேளைக்கு ரெண்டு கொடம் வெந்நீர் ஊத்தணும். ஒங்க ஊர்ல மூஞ்சி கழுவவே க்யூவுல நிக்கணுமாமே? தண்ணி இருந்தா சொல்லுங்க, அனுப்புறேன். இல்லன்னா என் மருமவ இங்கியே இருக்கட்டும். எங்க ரைஸ் மில்லுக் கெணத்துல இன்னும் ஊறுது.”

சிட்டிபாபுவின் மனைவி லில்லி அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. பெற்ற மகளுக்குப் பிரசவம் பார்க்க வக்கில்லாத தாய் என்று சபையில் சொன்னதுபோலத்தானே அது?

அங்கம்மாள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஐயம்பேட்டையைத் தாண்டி ஆற்றோரம் இருக்கிற எங்கள் காலனிக்குத் தண்ணீருக்கென்று ஒரே ஒரு ஆழ்துளைப் போர். காலையில் கொஞ்ச நேரம் சுண்டுவிரல் கனத்துக்கு வரும். முந்தின நாளே குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும். காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல். இடம் போட்ட குடத்தை இன்னொருவர் தொடமாட்டார். எங்கள் காலனியில் மண்டை உடைந்திருக்கிறது, கல்யாணம் உடைந்திருக்கிறது, குட வரிசை மட்டும் உடைந்தது கிடையாது.

அந்தப் போரை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கித் தரச் சொல்லி சிட்டிபாபு கேட்காத இடம் இல்லை. கடைசியில், பெயர்ப்பலகையில் ‘நீர்’ என்று இருப்பதைப் பார்த்து வாரியத்துக்குள் நுழைந்தான். வாசலில் காவலுக்கு நின்ற அந்தோணி ஒரு கம்பளியை நீட்டினான்.

“இத்தப் போத்திக்கினு போண்ணா.”

“இன்னாத்துக்குபா? வெளிய கொளுத்துது.”

“உள்ள பனிப் பிரதேசம். கம்பளி இல்லாம யாரையும் வுடக் கூடாதுன்னு ஆர்டர்.”

உள்ளே மண்டல இயக்குநர் வரதராஜன் கோட்டுக்குள் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உதவிப் பொறியாளர் தீபிகா. சிட்டிபாபு விஷயத்தைச் சொன்னான். வரதராஜன் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க காலனிக்கு மேல எந்தப் பனிமலை இருக்கு?”

சிட்டிபாபு யோசித்தான். “மேலன்னா… டேங்குதான் சார் இருக்குது.”

“அதுல உறைபனி தங்குமா?”

“தண்ணியே தங்கறதில்ல சார்.”

தீபிகா நிமிர்ந்தாள். “சார், ஜீரோ ஸ்நோ. ஸோ, ஜீரோ டிக்ளைன். பர்ஃபெக்ட் சைட் சார்.”

வரதராஜன் எழுந்து வந்து சிட்டிபாபுவின் தோளில் கை வைத்தார். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

“பாருப்பா, நாங்க போர் போடறவங்க இல்ல. எங்க சட்டப்படி தண்ணின்னா அது மேலேர்ந்து உருகித்தான் வரணும். மலை இல்லேன்னா என்ன செய்யணும், சொல்லு?”

“இல்லன்னா வராது சார்.”

“அங்கதான் தப்பு பண்றீங்க. மலை இல்லேன்னா கட்டணும்.”

வடக்கே மலைநாட்டு விவசாயிகள் குளிர்கால இரவுகளில் குழாய்த் தண்ணீரை மேல்நோக்கிப் பீச்சி, அதைக் கூம்பாக உறைய வைத்து, விதைக்கிற காலத்தில் உருகவிட்டுப் பாய்ச்சுகிறார்களாம். அதையே பாலாற்று மணலில் செய்யப் போகிறோம் என்றார்.

“அது உருகி எங்க சார் போவும்?”

“மணல்ல இறங்கும். மணல்லேர்ந்து உங்க போருக்கு வரும்.”

“ஐஸு போடத் தண்ணி?”

“உங்க போர்லேர்ந்துதான்.”

இதில் எங்கேயோ ஒரு சிக்கல் இருப்பதாக சிட்டிபாபுவுக்குத் தோன்றியது. நூல் சிக்கெடுத்துப் பழகியவன்தான். ஆனால் பல் கிட்டித்துக்கொண்டதில் நுனி அகப்படவில்லை. அவனைத் திட்டத்தின் முதல் பயனாளி என்று பதிந்துகொண்டார்கள். வெளியே வந்து கடையின் பின்பக்கச் சந்து வழியாக நடந்தபோது தலையில் சொட்டென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். ஏசிக் குழாய். கீழே சின்னக் குட்டை. அதில் ஒரு காக்கா குளித்துக்கொண்டிருந்தது. துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

லில்லி கேட்டுவிட்டு அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

“நம்ம தண்ணிய எடுத்து, ஐஸாக்கி, மணல்ல போட்டு, உருகவுட்டு, அப்பால நமக்கே குடுப்பாங்களா? ஏன், நேரா கொடத்துல ஊத்துனா அவங்க கை சுளுக்கிக்குமா?”

“திட்டம்னா அப்டித்தான் இருக்கும் லில்லி. படிச்சவங்க.”

“படிச்சவன் ஊத்துனாலும் தண்ணி பள்ளத்துக்குத்தான்யா ஓடும்.”

அடுத்த வாரம் வரதராஜன் காலனிக்கே வந்தார். நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். அந்தப் பேச்சு எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் மனப்பாடம்.

“உங்கள் தண்ணீரை நாங்கள் எடுக்கவில்லை. அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறோம். இதுவரை உங்கள் தண்ணீரின் நிலை என்ன? குழாயில் வந்தது, குடத்தில் போனது, குடித்தீர்கள், தீர்ந்தது. அதற்கு ஒரு மரியாதை உண்டா? யாராவது வந்து பார்த்ததுண்டா? இனிமேல் நாடே வந்து பார்க்கும். கொஞ்ச நாள் தாகமாகத்தான் இருக்கும். தாகம் தற்காலிகமானது. திட்டம் நிரந்தரமானது.”

கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று பிற்பாடு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். மோட்டார் கொட்டகையைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கே போரின் வாயில் லாரிக் குழாய் மாட்டப்பட்டது.

தண்ணீர் லாரியில் ஏறி ஒரு ஐஸ் பேக்டரிக்குப் போனது. மீனுக்கு ஐஸ் போடுகிற இடம். பாளம் பாளமாகத் திரும்பி வந்தது. அடுக்கும் வேலை எங்களுக்குத்தான். வெயில் படாமல் மூட வாலாஜாபாத் ரைஸ் மில்களிலிருந்து உமி வந்தது. சிட்டிபாபுவும், பழைய லாரி டிரைவர் சத்யராஜும், நாங்கள் பத்துப் பேரும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆற்று மணலில் மீன் வாசம் வீச ஐஸ் சுமந்தோம்.

மலைநாட்டில் சும்மா கூம்பாக விடுவார்களாம். காஞ்சிபுரத்தில் அப்படி விட முடியுமா? கோபுரமாகக் கட்டுவதா விமானமாகக் கட்டுவதா என்று வாரியத்தில் குழு போட்டு, ஏழு நிலைக் கோபுரம் என்று முடிவானது. உச்சிக்குப் பித்தளைக் கலசம். ஒரே ஒரு தொந்தரவு. மூன்றாம் நிலை ஏறும்போது முதல் நிலை இடுப்பளவு இறங்கிவிடும். அதை நிமிர்த்தினால் இரண்டாம் நிலை சாயும். சத்யராஜ் தீபிகாவிடம் போய்ச் சொன்னான்.

“மேடம், கட்ட கட்டக் கரையுது.”

“அது கரையல. அதோட வேலையைச் செய்யுது. நீங்க உங்க வேலையைச் செய்யுங்க.”

கோபுரத் திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியை ஒரு சின்ன வடிவத்தில் ஏற்றித் தனியாக வைத்திருப்பார்கள், பாலாலயம் என்று. வாரியத்தின் தலைமை எழுத்தருக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஆகவே ஒரு சாண் உயர ஐஸ் கோபுரம் ஒன்று செய்து இயக்குநர் அறை பிரிட்ஜில் வைத்தார்கள். தினம் கதவைத் திறந்து பூ வைத்து மூடுவார்கள். ஒருநாள் மின்சாரம் போனபோது தலைமை எழுத்தர் அதை டீ பிளாஸ்கில் போட்டு அணைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்கு ஓடியதை ஊரே பார்த்தது.

காலனிப் பெண்கள் ஏனாத்தூர் பக்கம் போய்க் கெஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஷேர் ஆட்டோவில் குடத்துக்கும் தனி சீட்டு. லில்லியின் மடியில் எப்போதும் ஒரு குடம் இருந்தது, பிள்ளை மாதிரி.

பத்திரிகையில் படம் வந்தது. கலசத்தோடு பளபளவென்று கோபுரம், முன்னால் சிட்டிபாபு கும்பிட்டபடி. கீழே, ‘பாலாற்றில் மீண்டும் நீர் – மகிழ்ச்சியில் பயனாளி’. மறுநாளே ஆட்டோவில் அங்கம்மாள் வந்து இறங்கினாள், நிறைமாத ஏஞ்சலோடு.

“கோபுரம் ஒயரத்துக்குத் தண்ணி நிக்குதாமே சம்பந்தி! பேப்பர்ல பாத்துட்டு எனக்கே வெக்கமாப் பூடுச்சு. நான் அன்னிக்கு ஒரு பேச்சு பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.”

சிட்டிபாபு வாயைத் திறந்தான். ஏஞ்சல் வீட்டுக்குள் போய், தான் பிறந்த அறையின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, “அப்பாடா, வந்துட்டேன்மா” என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான். லில்லி அவனைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஐஸ் பேக்டரி நடத்தலாம்.

திறப்பு விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கையில் மணலில் ஒரு ஆள் நடந்து வந்தார். சுருக்கம் விழுந்த சிவந்த முகம். தடித்த அங்கி. முதுகில் மூட்டை, கையில் ஒரு மனு. எங்களுக்கு அவர் பேச்சு புரியவில்லை. சத்யராஜ் ஒரு காலத்தில் வடக்கே வரை லாரி ஓட்டியவன். தாபாவில் ரொட்டி கேட்கவும் போலீஸ்காரனைச் சமாதானம் பண்ணவும் பழகிய இந்தியை எடுத்துவிட்டான். கேட்டுவிட்டு எங்களுக்குச் சொன்னான்.

“பேரு நோர்புவாம். அந்த மலைநாட்டு ஆளு. முன்னல்லாம் பனி விழுந்தா கதவு தொறக்க வராதாம். இப்ப செருப்பு நனையக் காணோமாம். விதைக்கிற நேரத்துல ஓடையில தண்ணி எறங்கறதில்ல. எல்லாம் காஞ்ச அப்பால கொஞ்சோண்டு வருதாம். பாதி வீடு பூட்டிக் கெடக்குது. மனு குடுக்கலாம்னு ஆபீஸுக்குப் போனா, காஞ்சிபுரத்துக்கு மாத்தலாயிடுச்சுன்னு போர்டு தொங்குதாம். ரயிலேறி வந்துட்டாரு.”

“எதுக்குன்னு கேளு,” என்றான் சிட்டிபாபு.

சத்யராஜ் கேட்டான். நோர்பு பதில் சொன்னார். சத்யராஜ் தலையிலிருந்த கோணியை இறக்கினான்.

“ஆபீஸையே தூக்கிக்கினு வந்துருக்காங்கன்னா, அவங்க பனியும் இங்கதான் வந்துருக்கும்னு நெனச்சாராம்.”

நோர்பு கோபுரத்தைச் சுற்றி வந்தார். ஐஸைத் தொட்டார். விரலை மோந்து பார்த்து சத்யராஜிடம் ஏதோ கேட்டார். “மீனுதான்,” என்றான் சத்யராஜ். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். தாங்களும் இதைக் கட்டியிருப்பதாகவும், போன வருடம் கட்ட முடியவில்லை என்றும் சொன்னார். கட்டுவதற்கு முதலில் ஓடையில் தண்ணீர் வேண்டுமே.

சிட்டிபாபு அவருக்குக் குடிக்கக் கொடுக்க வீட்டுக்குப் போய் அரை டம்ளர் கொண்டுவந்தான். அவர் அதை வாங்கி உற்றுப் பார்த்தார். அளவைப் பார்த்ததுமே ஊர் புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வாரியத்தில் நோர்புவின் மனுவைக் கையில் வாங்கவில்லை.

“இதை உங்க மலைக்கான ஆபீஸ்ல குடுக்கணும்,” என்றார் வரதராஜன்.

“அது எங்க சார் இருக்குது?” என்று சத்யராஜ் கேட்டான்.

“இதுதான்.”

“அப்ப இங்கியே வாங்கிக்கலாமே சார்.”

“இங்க அவங்க மலை இல்லையே.”

ஆனால் நோர்புவை விடவில்லை. உண்மையான பனிப் பிரதேசத்து ஆள் ஒருவர் கைக்கு அகப்படுவது லேசா? அவரே விழாவின் சிறப்பு விருந்தினர் ஆனார். அங்கியைக் கழற்றக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

விழா அக்னி நட்சத்திரத்தில் வந்தது. மலைநாட்டில் பனி உருகுகிற மாதம் அதுதான் என்று வாரியத்தின் நாட்காட்டி சொன்னதாம். பத்து மணிக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை. வாரியத்தார் எல்லோரும் கம்பளிக் கோட்டில் வந்தார்கள். ராத்திரியெல்லாம் அடுக்கியதில் கோபுரம் ஏழு நிலையோடு நின்றது. மேலிடத்துச் செயலாளர் பேச ஆரம்பித்தார்.

“இந்த நாட்டில் எல்லா இடத்திலும் பனி குறைகிறது. காஞ்சிபுரத்தில் மட்டும் குறையவில்லை. ஏன்? நிர்வாகம்!”

ஆறு நிலை ஆனது.

“குறை சொல்பவர்கள் கேட்கிறார்கள், தண்ணீர் எங்கே என்று. நான் கேட்கிறேன், தண்ணீர் வந்துவிட்டால் தண்ணீர் வாரியம் எதற்கு? தேவை இருக்கிறவரைதான் சேவை இருக்கும். அந்தத் தேவையைக் காப்பாற்றுவது எங்கள் கடமை.”

நான்கு நிலை. கலசம் ஒரு பக்கமாகத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

நோர்புவை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வேர்வை ஆறாக ஓட அவர் நிதானமாகப் பேசினார். சத்யராஜ் எங்கள் காதுக்கு மட்டும் சொன்னான். “எங்க ஊர்ல தண்ணி இல்ல. ஒங்க ஊர்லயும் இல்ல. எங்கள வெச்சு ஒங்களையும், ஒங்கள வெச்சு எங்களையும் ஏமாத்துறாங்கன்னு சொல்றாரு.” வரதராஜன் மைக்கை வாங்கி மொழிபெயர்த்தார். “தம் நாட்டில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று அய்யா நெகிழ்கிறார்.” கை தட்டினார்கள்.

அடுத்தது கும்பாபிஷேகம். கோயில் குருக்கள் யாரும் வர மறுத்ததால் தலைமை எழுத்தரே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கலசத்தில் ஊற்றப் புனித நீர் கேட்டார். கீழே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் முழுவதும் கோபுரமாக நின்றது. தண்ணீராக இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை. மேடையிலிருந்த பாட்டில்களைச் செயலாளரும் மற்ற அதிகாரிகளும் குடித்துத் தீர்த்திருந்தார்கள். ஐஸையே உருக்கி ஊற்றலாமே என்று யாரோ சொன்னார்கள். கோபுரத்தை எடுத்துக் கோபுரத்துக்கே ஊற்றுவது ஆகமம் இல்லை என்று ஏணி மேலிருந்து பதில் வந்தது.

வரதராஜன் சிட்டிபாபுவை ஓரமாக அழைத்தார். கோட்டுப் பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

“ஒரு குடம் தண்ணி. பயனாளி கையால. அபிஷேகம் முடிஞ்ச நிமிஷம் சாவி உன் கையில. முடியலேன்னா விழா நடக்கல. விழா நடக்கலேன்னா திட்டம் முடியல. திட்டம் முடியலேன்னா போர் எங்களோடதுதான். புரியுதா?”

வீட்டில் ஏஞ்சலுக்கு வலி எடுத்திருந்தது. லில்லி பின்கட்டில் ஒற்றைக் குடத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாகச் சேர்த்தது. அவன் கேட்டதும் அவளுக்கு முதலில் விளங்கவேயில்லை.

“ஐஸு மேல ஊத்தவா?”

“சாவி குடுப்பாங்க லில்லி. ஊத்துன ஒடனே மோட்டார் போட்டுரலாம். ஒரு கொடத்துக்குப் பத்து கொடம்.”

“யோவ், அது நம்ம கோயிலும் இல்ல, அது கோயிலும் இல்ல. இங்க பொண்ணு துடிக்குது. கொழந்த வந்தா எதுல கழுவுறது, எச்சியிலயா?”

உள்ளேயிருந்து ஏஞ்சல் கத்தினாள். “குடுத்துருமா! சண்ட போடாதீங்க. சாவியாவது வரட்டும்.”

லில்லி கையை எடுத்தாள். கொடுக்கவில்லை. கையை மட்டும் எடுத்தாள்.

வெயிலில் சுமந்து வந்ததில் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. தலைமை எழுத்தர் மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்து அதைக் கலசத்தின் மேல் கவிழ்த்தார். மிச்சமிருந்த மூன்று நிலையும் படாரென்று பிளந்து உட்கார்ந்தது. கலசம் உருண்டு போய் மணலில் நின்றது. ஏணியோடு தலைமை எழுத்தரும் போனார். உமியும் ஐஸும் தண்ணீருமாக ஒரு பெரிய ஈரம் பரவியது. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மணல் அதைக் குடித்தது. நாங்கள் எங்கள் தண்ணீரை அவ்வளவு வேகமாகக் குடித்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் உமி மட்டும் காய்ந்து பறந்தது.

“நிலத்தடியில் சேர்ந்துவிட்டது!” என்று வரதராஜன் மைக்கில் கத்தினார். கை தட்டினார்கள்.

சொன்ன சொல் தவறவில்லை, சாவியைக் கொடுத்தார். சிட்டிபாபு ஓடினான். கொட்டகையைத் திறந்து மோட்டாரைப் போட்டான். குழாய் இருமியது. காற்று வந்தது. கொஞ்சம் செம்மண் தூள் வந்தது. திரும்பவும் காற்று. கோபுரம் கட்டுவதற்காக மாதக்கணக்கில் உறிஞ்சிய போர், அடி வற்றி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வெறும் குடத்தைக் கீழே வைத்துக்கொண்டு அவன் மோட்டாரை நிறுத்தாமல் நின்றான். சத்யராஜ் வந்துதான் நிறுத்தினான்.

“வாண்ணா. ஆம்புலன்ஸ் வந்துருச்சு.”

பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகத்தான் பிறந்தது. அங்கே வெந்நீர் இருந்தது. அங்கம்மாள் வந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் லில்லியால் தாங்கியிருக்க முடியும்.

“வாலாஜாபாத்துக்குக் கூட்டிக்கினு போறேன் சம்பந்தி. ஒரு கொடம் ரொம்பட்டும், சொல்லி அனுப்புங்க. கொழந்தய எடுத்துக்கினு வந்து ஒங்க வூட்லயே தண்ணி ஊத்திடறோம்.”

நோர்புவுக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தி ரயிலேற்றிவிட்டார்கள். மனு அவர் கையிலேயே இருந்தது. வாரியத்துக்கு, பனி குறையாத மண்டலம் என்று விருது வந்தது.

அப்புறம்தான் லில்லிக்கு அந்தச் சந்து ஞாபகம் வந்தது, சிட்டிபாபு எப்போதோ தலையில் சொட்டியதாகச் சொன்ன சந்து. போய்ப் பார்த்தாள். வாரியத்தின் ஆறு ஏசிக்கும் சேர்த்து ஒரே குழாய். நிற்காமல் சொட்டியது. அன்றைக்கே ஒரு குடம் வைத்தாள். விஷயம் காலனிக்குள் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் சந்து நீளத்துக்குக் குடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். ஒரு குடம் நிறைய ஒரு பகல் ஆனது. வாரியம் எங்களுக்குக் கொடுத்த தண்ணீர் என்றால் அதுதான். முதல் சுற்றில் லில்லிக்குக் கிடைத்தது சமையலுக்கும் குடிக்கவுமே போயிற்று. குழந்தைக்கென்று அடுத்த சுற்றில் இடம் போட்டாள்.

ஒருநாள் வரதராஜன் பின்பக்கம் வந்து பார்த்தார். குட வரிசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதற்குப் ‘பனிநீர் ஊற்று’ என்று பெயர்ப்பலகை வைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வாரியம் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாறப் போவதாக அந்தோணி சொன்னது அன்றைக்குத்தான். கடலில் எவ்வளவு குறைந்தாலும் தெரியாதாம்.

லாரியில் அலமாரிகள் ஏறின. கோட்டு மாட்டிய பொம்மையும் ஏறியது. ஏசிகளைச் சுவரிலிருந்து பிடுங்கினார்கள். புறப்படும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தெளிக்க ஒரு சொம்புத் தண்ணீர் தேடினார்கள். வரதராஜன் சந்துக்கு வந்தார். லில்லி தன் குடத்தருகே நின்றாள்.

“அம்மா, ஒரு சொம்பு தண்ணி.”

“தண்ணிக்கு இன்னும் உருவம் வரல சார். வந்தா சொல்லி அனுப்புறேன்.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்க லாரி போனது.

சந்தில் குழாய் இருக்கிறது. பெயர்ப்பலகை இருக்கிறது. சுவரில் ஆறு ஓட்டைகள். குடங்களும் இருக்கின்றன. முன்னாலிருப்பவர் எடுத்தால்தானே பின்னாலிருப்பவர் எடுக்க முடியும்? முன்னாலிருப்பவருக்கு மனசு வரவில்லை. அடுத்து யாராவது வந்து ஏசி மாட்டினால் இடம் போய்விடுமே.

நேற்று ஏஞ்சல் போன் பண்ணினாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

“மா, அத்த கேக்குறாங்க. நம்ம கொடம் எத்தனாவதுல இருக்குது?”

“மூணாவதும்மா,” என்றாள் லில்லி.

“அப்ப கிட்ட வந்துருச்சு.”

“ஆமாம்மா. கிட்டத்தான் இருக்குது.”